லோஷினி செய்த பிராசசர்

குளுவாங்,
ஞாயிற்றுக்கிழமை

பினாங்கில் இருக்கும் அன்புக் கணவர் லெஸ்லிக்கு, வினிஃப்ரெட் எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே சமாதானம் சொல்லிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மைக்ரோபிராசசர் வகுப்பில் மாணவர்கள் ஆளுக்கொரு சின்ன பிராசசரை வடிவமைத்து, லேப் போர்டில் ஏற்றி, இரண்டு எண்களைக் கூட்டிக் காட்ட வேண்டும். புதன்கிழமை பரீட்சை. ஒருத்தியைத் தவிர எல்லாருடையதும் ஓடியது. பார்த்தால் அத்தனையும் ஒரே வடிவம், இணையத்தில் எடுத்தது. கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து வரும் லோஷினி மட்டும் சொந்தமாகச் செய்திருந்தாள். ஒவ்வொரு இணைப்பையும் ஏன் அப்படிக் கொடுத்தாள் என்று வரைந்தே காட்டினாள். ஆனால் போர்டில் தப்பான விடைதான் வந்தது.

துறைத் தலைவர் சதாசிவத்திடம் போய்ச் சொன்னேன். ஓடினால் மார்க், ஓடாவிட்டால் இல்லை என்றார். வகுப்பே காப்பி அடித்தது என்று எழுதினால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். அன்றே மதிப்பெண்களை அனுப்பிவிட்டார். லோஷினி பெயில்.

மனம் கேட்காமல் வெள்ளிக்கிழமை அவளுடைய வடிவத்தை வேறு போர்டில் ஏற்றிப் பார்த்தேன். உடனே சரியாகக் கூட்டியது. அவளுக்குக் கொடுத்த போர்டில்தான் கோளாறு. பழைய போர்டுகளை மாற்றச் சொல்லி நான் கேட்காத நாளில்லை, லெஸ்லி. மறுபடி தலைவரிடம் ஓடினேன். அனுப்பியது அனுப்பியதுதான், அந்தப் பெண் அடுத்த செமஸ்டர் திரும்ப எழுதட்டும் என்றார்.

லோஷினியைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“நானும் காப்பி அடிச்சிருந்தா பாஸாயிருப்பேன்தானே, மேடம்?” என்றாள்.

படிப்பை நிறுத்திவிட்டு சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலைக்குப் போகப்போகிறாளாம்.

நாளை டீனைப் பார்க்கப் போகிறேன். இரண்டு போர்டுகளையும் அவர் மேசையில் வைத்து ஓட்டிக் காட்டுவேன். தலைவருக்குக் கோபம் வரும். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

நீங்கள் சிப் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறவர். லோஷினிக்கு ஒரு போன் போடுங்கள். அவள் செய்தது சரிதான் என்று என்னைத் தவிர இன்னொருவரும் சொல்லட்டும்.

ஆண்டவர் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பினாங்குக்கே வந்துவிடு என்று எப்போதும் சொல்வீர்கள். இந்த வாரம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். சொன்னால் வந்துவிடுவேன்.

உங்கள்
வினிஃப்ரெட்