தாயின் பெயரைச் சொல்

ஜூன் 16, திங்கள்
விடியப் பனிப்புகார். மொண்டெல்லோக் கடற்கரையில் கடலும் வானமும் ஒரே பால்நிறம். ஆயிரம் கடற்கரைக் குடைகளைத் தனியாளாக விரித்தேன். (முதலாளியின் கணக்கில் நாற்பது.)

பின்னேரம் தங்கச்சி வீடு. அவள் மகள் ஜெனிக்கு வியாழன் வாய்மொழிப் பரீட்சை. தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். தலைப்பு: அமெரிக்கா பிறந்த காலத்துப் போரில், பிரிட்டிஷ் கப்பல்கள் வராமல் கரையைக் காத்த ஊர்ப்படை. வயல் செய்யும் கமக்காரர், மீன்பிடிகாரர், சீருடை இல்லை. புத்தகத்தில் அரைப்பக்கம். மிச்சத்தை நான் நிரப்பினேன். பீரங்கிக் குண்டை வலையில் பிடித்துத் திருப்பி எறிந்தவன். இருமியே கப்பலைக் கவிழ்த்த கிழவன்.

ஜெனி ஒன்றும் எழுதவில்லை. பேனையைக் கடித்தபடி, "உண்மையா ஏதாவது சொல்லுங்கோ மாமா."

17, செவ்வாய்
வெக்கை. வாங்க: எலுமிச்சை, செருப்பு, தலையிடிக் குளிசை.

இருட்டில் வள்ளம் வந்தால் ஆளை எப்படி அறிவார்கள் என்று ஜெனி கேட்டாள். வாய் தானாகச் சொன்னது: கரையில் நிற்பவன் தாயின் பெயரைக் கேட்பான். ஊர்க்காரனின் தாய் பெயர் ஊருக்கே தெரியும். எதிரி என்ன சொல்லுவான்?

அமெரிக்காவில் அப்படியோ, யார் கண்டது. சண்டைக் காலத்தில் எங்கள் மன்னார்க் கரையில் அப்படித்தான். நானும் காவல் நின்றேன். ஆயுதம்: ஒரு விசில். இதை மட்டும் பெருப்பிக்கவில்லை.

அதைத்தான் எழுதிக்கொண்டாள்.

18, புதன்
நித்திரையில் நடப்பதுபோல் வேலை. ஒரு குடையைத் தலைகீழாக நட்டேன். டீச்சர் பொய்யென்று பிடித்தால் பிள்ளை போச்சு. ஜெனிக்குப் போன் எடுத்து, அந்தத் தாய்பெயர்க் கதையை வெட்டச் சொன்னேன்.

"ஏலாது மாமா. அது ஒண்டுதான் நல்லாயிருக்கு."

19, வியாழன்
தங்கச்சி கூடப் போயிருந்தாள், போனில் சொன்னாள். எங்கே வாசித்தாய் என்று டீச்சர் கேட்டாராம். ஜெனி அசையவில்லையாம். அமெரிக்காவில் எப்படியென்று தெரியாது, என் மாமா காவல் நின்ற கரையில் இப்படித்தான் என்றாளாம். டீச்சர் பேனையை வைத்துவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று கேட்டாராம். பாஸ் என்பதை வாசலிலேயே தங்கச்சியின் காதில் போட்டுவிட்டாராம்.

இனிப்புப் பெட்டியோடு படியேறினேன். படிக்கட்டெல்லாம் உப்புக்காற்று, கால் நிலத்தில் படவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஜெனி:

"ஆர் அது? தாயின்ரை பேரைச் சொல்லுங்கோ."

வேறு நாளென்றால், ரோமாபுரிச் சக்கரவர்த்தி என்றிருப்பேன். சண்டைக் காலம் முழுக்கக் கரையில் நின்று கேட்டவன் நான். வள்ளத்தில் நின்று சொன்னதேயில்லை.

"திரேசம்மா," என்றேன்.