முதல் குரலுக்கே

சாமைக்கொல்லை,
ஜவ்வாது மலை.
11-11-1981

மதிப்பிற்குரிய அமலநாதன் சார் அவர்களுக்கு,

அம்சவல்லியின் அப்பா கோபால்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் மாற்றலாகிப் போன கடற்கரை ஊரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாமை அறுப்பு முடிந்தது. புளி இந்த வருசம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஆடு மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளுக்காகத்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது படித்தவன் எழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பதாவதில் இங்கிலீஷ் எப்படி இருக்குமோ என்று வைகாசி மாதம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவள், சார் புத்தகத்தையே திறக்கவில்லை, பேர் மட்டும் கூப்பிட்டார், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளைகளுக்குத் திமிர் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை சார். எங்கள் மலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்குத்தான் பதில் கொடுப்போம். காட்டில் இருப்பதும் பேர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் அது ஒரு தடவைதான் கூப்பிடும் என்பார்கள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், வகுப்பிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

நீங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. முதல் குரலுக்கே துள்ளி எழுந்து "யெஸ் சார்" சொல்பவருக்குக் கலர் சாக்பீஸ் என்றீர்கள். எங்கள் வீட்டு மாடம் முழுக்க சாக்பீஸ் ஆனது. அவள் அம்மா மங்கம்மாள் மட்டும், "இன்னா பழக்கம் இது? மொத கொரலுக்கே வாயத் தொறக்கலாமா?" என்று சண்டைக்கு வந்தாள். இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் முறைதான் என்று அவள் வாயை அடைத்தவன் நான். எனக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் சந்தைக்குப் போகிற சாக்கில் வந்து உங்கள் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நீங்கள் போய்க் கொஞ்ச நாளில் மலையில் பனிமூட்டம் இறங்கியது. ஒரு சாயங்காலம் களி தின்றுகொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, வாசலைப் பார்த்து "யெஸ் சார்" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாளும் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் விறகு எடுக்கப் போனவள் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. புளியமரங்களுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தின் விளிம்பில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே வெறும் பனி. நான் தோளைத் தொட்டதும், பாடத்தின் நடுவில் எழுப்பியதுபோல் எரிச்சலாகப் பார்த்தாள். "சார் கூப்ட்டாருப்பா. பாடம் எட்துக்கினு இருந்தாரு" என்றாள். உங்கள் குரல்தானாம். நீங்கள் இருமிவிட்டுப் பேசுவதுகூட அப்படியே இருக்கிறதாம்.

அங்கே படித்ததைச் சொல் என்றேன். கடகடவென்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு என்ன புரியும்? மறுநாள் அவளைப் புதுவாத்தியாரிடம் கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் ஒரு பிழையும் இல்லை என்றார். அர்த்தம் கேட்டேன். "எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவேன்" என்பதாம். அங்கேயும் தினம் பேர் கூப்பிடுகிறார்களாம் சார். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் வருகிறதாம். இதுவரை போனவள் இவள் ஒருத்திதானாம்.

பூசாரி வேப்பிலை அடித்தார். வேப்பிலை தீர்ந்ததுதான் மிச்சம். இப்போது சாயங்காலமானால் மங்கம்மாள் தன் முந்தானையை அவள் பாவாடையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கதவில் முதுகைக் கொடுத்து உட்காருகிறேன். எத்தனை நாளைக்கு முடியும்? அம்மா சொன்னாலும் கேட்பதில்லை, நான் சொன்னாலும் கேட்பதில்லை. சார் கூப்பிட்டுப் போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்கிறாள்.

ஆகவே உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். உங்கள் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் வேண்டாம், இங்கிலீஷிலேயே எழுதுங்கள், அப்போதுதான் மதிப்பாள். வெளியே கேட்பது உங்கள் குரல் இல்லை, அதற்குப் பதில் சொல்லாதே என்று எழுதுங்கள். மூன்றாம் குரல்வரை பொறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முதலில் நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் நேற்றிலிருந்து அது இரண்டு தடவை கூப்பிடுகிறதாம்.

எங்கள் சாமியும் உங்கள் மாதாவும் உங்களைக் காப்பாற்றட்டும். நீங்களே மனமிரங்கி மலையேறி வந்தால் எங்கள் குடும்பமே கும்பிடும். வந்தால் வாசலில் நின்று யார் பேரையும் சொல்லாதீர்கள் சார். நீங்களே கூப்பிட்டாலும் கதவைத் திறக்க மாட்டோம். பேசாமல் கதவைத் தள்ளுங்கள், நான் நகர்ந்து வழிவிடுகிறேன். உள்ளே வந்து, விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கோபால்சாமி