அப்பாவுக்கு நாவல்பழ ஐஸ்

என் செல்விக்கு,

எங்கே இருந்தாலும் என்மேல் கோபமாகத்தான் இருப்பாய். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இன்னும் இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தை மாதம் நீ காய்ச்சலில் கண்ணை மூடியதுமே, "பொண்ணே இல்லாத வூட்ல எனக்கு இன்னா வேலை மாப்ள?" என்று மாமா தன் ஊர் தவளக்குப்பத்துக்குக் கிளம்பினார். அங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டில் அவரை யார் பார்ப்பார்கள்? கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கால் கட்டைவிரல் புண் ஆறவே மாட்டேன் என்கிறது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

காபிக்குச் சர்க்கரையை விட்டுவிட்டார், சோற்றையும் குறைத்துவிட்டார். ஐஸை மட்டும் விட முடியவில்லை அவரால். எஸ்.டி.டி. பூத் பக்கத்தில் ஐஸ் வண்டி வந்து நின்றால் நொண்டிக்கொண்டே போய்விடுகிறார். நீ இருந்தால் "அப்பா!" என்று ஓர் அதட்டல் போதும். நான் எப்படி அதட்டுவேன்? கல்யாணமான நாளிலிருந்து நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற மனுஷன் அவர்.

அதனால் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். நாவல்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிசைந்து, புளிக்காத கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்தேன். "வெல்லம் போடுங்களேன், அது ஒண்ணும் பண்ணாது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போடவில்லை. முதல் தடவை வந்தது கல். சர்க்கரை இல்லாமல் உறைந்தால் பல்லை உடைக்கும் என்று யார் கண்டது? அடுத்த தடவை பாதி உறைந்ததும் எடுத்துக் கடைந்து மறுபடி வைத்தேன். பதம் வந்துவிட்டது. துவர்ப்புதான் போகவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"அருமையா இருக்கு மாப்ள."

தினமும் அதே பதில், காலி டம்ளர். எனக்கு ஒரே பெருமை. ஆபீஸில்கூடப் பீற்றிக்கொண்டேன்.

நேற்று அவர் கொட்டாவி விட்டார். நாக்கு வெளுப்பாக இருந்தது. நாவல்பழம் தின்ற நாக்கா அது? ருசி பார்த்த என் நாக்கே ஊதாவாக இருக்கிறதே! தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். வாழைமரத்தடி முழுக்க ஊதா. ஓர் எறும்புகூட மொய்க்கவில்லை.

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மாப்பிள்ளை கையால் செய்ததை நன்றாக இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொட்டினீர்களா என்று கேட்க எனக்கும் வரவில்லை. மரியாதை பார்த்துப் பார்த்தே அந்த விரலைப் பறிகொடுத்துவிடுவோம் போலிருக்கிறது. நான் என்ன செய்யட்டும், சொல்லு. நீ நடுவில் இல்லாமல் எங்களுக்குப் பேசவே தெரியவில்லை.

இன்று காலையில் மறுபடி பையை எடுத்து வைத்துவிட்டார். "ஆடி முடிஞ்சதும் கெளம்பறேன் மாப்ள. எனக்காக நீங்க அடுப்படில நிக்கறது நல்லால்ல. அவளே போயிட்டா. இனிமே நான் உங்களுக்கு யாரு?"

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் டம்ளரோடு அவர் எதிரே உட்காரப் போகிறேன். "நல்லால்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க மாமா, கொட்டாதீங்க" என்று கத்தப் போகிறேன். கோபப்பட்டால் படட்டும், என்னை நாலு வார்த்தை திட்டட்டும். விரல் தப்புமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரை அந்தப் பூட்டின வீட்டுக்கு அனுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீ போன பிறகும் உன் அப்பாவுக்கு மாப்பிள்ளையாகவே இருக்கிற
குமரவேல்