சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய புழுப்பை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் பூச்சி நோட்டில் கடைசியாகக் காலியாக விட்ட இடத்தை நிரப்பிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் தப்பு அப்புறம்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டீர்கள்? "மச்சான், அந்த வேலாமரத்துப் பூச்சி வெளிய வந்துச்சுன்னா பேரைக் கண்டுபுடிச்சு எழுதிருங்க." வேறு ஆளாக இருந்தால் வீடு, வாசலைப் பற்றிப் பேசியிருப்பார். உங்களுக்கு மூலனூரில் உங்கள் மேய்ச்சல் காட்டில் ஒடித்துவந்த கிளையும், அதில் தொங்கிய இரண்டு பைகளும்தான் கவலை. குச்சிகளை வரிசையாக ஒட்டி, உள்ளே பட்டு நூல் விரித்து, புழு தானே கட்டிக்கொண்ட பை. எங்கள் பனியன் கம்பெனியில்கூட அப்படி ஒரு தையல் கிடையாது.

கிளையைப் பாட்டிலில் போட்டு, வாயைப் பனியன் துணியால் கட்டி, ஜன்னலில் வைத்தேன். ஒரு காலையில் ஒரு பையின் நுனியில் வெறும் தோல் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்ன அந்துப்பூச்சி. போட்டோவை உங்கள் பூச்சிக் குழுவுக்கு அனுப்பினேன். "பைப்புழுவோட ஆண் பூச்சிங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளில் அது செத்துவிட்டது.

இன்னொரு பை அசையவே இல்லை. இத்தனை வருடம் செக்கிங் பார்த்த கை சும்மா இருக்குமா? பழுதான துணிக்கு ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி, குப்பைக்கு எடுத்துப் போனேன். உங்கள் அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, அவன் குடுத்துட்டுப் போனதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க."

சில வாரம் கழித்து அந்தப் பையின் அடியிலிருந்து எறும்பைவிடச் சின்னப் புழுக்கள் நூல் விட்டு இறங்கின. எண்ணி முடியவில்லை. குழுவில் மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது. பெண்ணுக்குச் சிறகே கிடையாதாம். பையை விட்டு வராமலே, தேடி வந்த ஆணோடு சேர்ந்து, உள்ளேயே முட்டையிட்டுச் செத்துப்போகுமாம். நான் கழித்துப் போட்டது ஒரு தாயை.

நீங்கள் போனபின் உங்கள் அக்கா வாய்விட்டு அழுதது அன்றுதான். நானும் அழுதேன். இந்த வேலையை என்னிடம் விட்டுப்போனதற்கு நன்றி, மாப்பிள்ளை. இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

மறுநாளே லீவு போட்டு, புழுக்களோடு கிளையை உங்கள் காட்டு வேலாமரத்தில் கட்டினோம். உரித்தால் பை கிழியும் என்று ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிட்டேன். நான் இருக்கும்வரை அந்த மரத்தில் கோடாலி படாது. நோட்டில் பேருக்குக் கீழே ஒரு வரியும் எழுதியிருக்கிறேன்: "செக்கிங்கில் தப்பு. சரக்கு நல்ல சரக்கு."

உங்கள் அக்காவைக் கட்டிய,
மச்சான்