பீடம் ஏறிய கூறைப்புடவை

என் அருமை அருளாயி,

நேற்று உன் கூறைப்புடவை பீடம் ஏறியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல் வரிசையாகத் தொடங்கினால், "விஷயத்துக்கு வாங்க" என்பாய்.

பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாள் வரும்வரை, தபசுகாலம் முழுவதும் சாமியாருக்கு ஊதா உடுப்பு. நடுவில் ஒரு ஞாயிறு மட்டும் ரோஸ் நிறம் உடுத்தலாம். இதை உனக்குச் சொன்ன வாரமே உன் ரோஸ் பட்டுக் கூறையை வெட்டிப் பூசை உடுப்பு தைக்க உட்கார்ந்தாய். தோள் தையல் முடியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. மீதியை றக்வானை டவுனில் தையற்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா முடித்துத் தந்தார். "தங்கச்சி தையல் மாதிரி வராது" என்றும் சொன்னார்.

நம் தேயிலைத் தோட்டத்துக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதானே வருவார்? மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரான நான் புத்தகம் பார்த்துச் செபம் வாசிப்பதோடு சரி. இந்த வருஷம்தான் அவர் வரவு அந்த ஞாயிறில் வாய்த்தது.

உடுப்பு அறை மேசையில் ஊதாவை மேலே வைத்தேன், உன்னுடையதை அடியில். உடுத்திய சேலை பூசைக்கு ஆகுமா, சாமியார் கோபிப்பாரா என்று ஆயிரம் யோசனை. நீ சொல்வது காதில் கேட்டது: "நீங்க வாயத் திறக்கிறதுக்குள்ள பாஸ்காவே வந்துரும்." உன்னுடையதை எடுத்து மேலே வைத்தேன்.

"இது ஏது, உபதேசியாரே?"

"என் வீட்டுக்காரியின் கல்யாணச் சேலை, சாமி. அவளே தைத்தாள்."

அவர் தோள் தையலைத் தடவிப் பார்த்தார். ஊதாவை ஒதுக்கிவிட்டு அதையே உடுத்திக்கொண்டார்.

மணியடித்து வெளியே வந்ததும் ஒரே முணுமுணுப்பு. "ஊதா சாயம் போச்சா?" என்றார் பெரிய கங்காணி. பின்வரிசையில் சூசையம்மா, "பாஸ்கா வந்திருச்சுடி. ஒருசந்தி நோன்பு முடிஞ்சுது, ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிடு" என்றாள். பிரசங்க நேரத்தில் சாமியார் என் பக்கம் திரும்பி, "நீரே சொல்லும்" என்றார்.

புத்தகம் பார்க்காமல் நான் பேசி நீ கேட்டதுண்டா?

"சூசையம்மா, ஆட்டை விட்டுரு, பாஸ்கா இன்னும் வரல" என்று தொடங்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பயம் போய்விட்டது. "விடியக்காலை வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு வரிசையில நிக்கிறப்போ கிழக்க பாக்குறீங்களே. இருட்டு முழுசாப் போயிருக்காது, சூரியனும் வந்திருக்காது. ஆனா மலைக்கு மேல வானம் இந்த நிறத்துல இருக்கும். அதைப் பாத்துட்டு யாராவது இன்னைக்கு விடியாதுன்னு சொல்வீங்களா? தபசு ஊதா. உயிர்ப்பு வெள்ளை. அந்த வெளிச்சம் ஊதாவுக்குள்ள விழுந்தா இந்த நிறம். பாதி வழி வந்துட்டோம், சந்தோஷப்படுங்கன்னு கோயில் சொல்லுது."

"இம்புட்டுக் குரலை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார் கங்காணி, கோயில் என்றும் பாராமல்.

தபசு முழுக்க மூடிக் கிடந்த ஹார்மோனியத்தைத் திறந்தார்கள். லயத்து வீட்டுப் பெண்கள் பாடினார்கள். சாமியார் கை விரித்தபோது உன் சேலைக் கரையில் வெயில் பட்டது.

உன்னைப் புதைத்ததிலிருந்து எனக்கு எல்லா நாளும் ஊதாதான், அருளாயி. மற்றவர்களுக்குச் சொன்னதை நேற்றுத்தான் நானும் நம்பினேன். பாதி வழி வந்துவிட்டேன். மீதி வழியின் முடிவில் நீ நிற்பாய் அல்லவா?

கிறிஸ்துமஸுக்கு முன்பும் இந்த நிறத்துக்கு ஒரு ஞாயிறு உண்டு. அன்றைக்கு வரும்படி சாமியாரை நானே கேட்பேன். வாயைத் திறந்து கேட்பேன்.

வாயில்லாப் பூச்சி என்று நீ கேலி செய்த
உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து