பின்பலகையில் உன் பெயர்

மாமு,

நேற்று என் பேத்தி போனை நீட்டி, "ஆடிப் பாரு தாத்தா" என்றாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்த விளையாட்டாம். ஓடுகிற பந்தைச் சரியான இடத்தில் தொட்டு நிறுத்த வேண்டும். மயிரிழையில் தவறிப்போனது. விடுவேனா? ஒன்பது தடவை ஆடினேன். ஒன்பதும் மயிரிழை. அவள் சிரித்தாள். "அது நாங்களே வைக்கிறது தாத்தா. கிட்ட வந்து தோத்தாதான் மறுபடி ஆடுவாங்க." என்னமோ இவர்கள் கண்டுபிடித்த வித்தை மாதிரி ஒரு பெருமை. எனக்கு வலது கால் கட்டைவிரல் கூசியது.

எழுபதுகளின் நடுவில், ராயபுரம் மாதா கோயில் திருவிழாவுக்கு நீ செய்த விளையாட்டுப் பெட்டி நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பதே அநியாயம். பெரம்பூர் ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் நீ எலக்ட்ரீஷியன். நான் ஹார்பரில் மூட்டை எண்ணுகிறவன். பழைய டேபிள் ஃபேன் மோட்டாரை வைத்து, வரிசையாகப் பத்து பல்பில் வெளிச்சத்தை ஓடவிட்டாய். நடுவில் ஒன்று சிவப்பு. அது எரியும்போது சுவிட்சை அழுத்தினால் வெளிச்சம் அங்கேயே நிற்கும், ஒரு பொம்மை பரிசு. முடித்ததும் உங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கப்படி பின்பலகையில் வெள்ளை பெயிண்டால் உன் பெயரை எழுதினாய். பெயர் போட்டவன்தான் பொறுப்பு, வண்டி எந்த ஊரில் நின்றாலும்.

"சிங்கப்பூர்ல டிவியிலயே ஆட்றானுங்களாம் மாமு, கப்பல்காரன் சொன்னான். நாளைக்கு வூட்டுக்கு வூடு வந்துடும் பாரு. ஆனா இன்னா வந்தாலும், கெலிக்கிறது ஆட்றவன் கையிலதான் இருக்கணும்" என்றாய். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

உனக்கு ஷிப்ட் என்பதால் சாயங்காலம் கடை என் பொறுப்பு. நம் ஜனங்கள் கை வேகம் உனக்குத் தெரியாதா? முதல் நாளே பாதி பொம்மை காலி. மறுநாள் மத்தியானம் உனக்குத் தெரியாமல் பின்பலகையில் ஓட்டை போட்டு ஒரு ஒயரை இழுத்து, மேஜைக்கடியில் காலிங்பெல் சுவிட்சு ஒன்றை வைத்தேன். கால் கட்டைவிரலால் அழுத்தினால் வெளிச்சம் சிவப்பைத் தாண்டி அடுத்த பல்பில் போய் நிற்கும். பொம்மையை மிச்சம் பிடிக்கத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஒரு பல்பு தள்ளித் தோற்றவர்கள் "ச்சே!" என்று திரும்ப வரிசையில் போய் நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு ருசியாக இருந்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி மகளுக்குப் பொம்மை வேண்டுமென்று ஏழு தடவை ஆடினாள். ஏழாவது தடவை தோற்று, கீழே வைத்த கூடையை எடுக்கக் குனிந்தவள் ஒயரைப் பார்த்துவிட்டாள். "அய்ய, அடியில இன்னாத்துக்குடா ஒயரு?"

காலை இழுத்துக்கொண்டேன். கூட்டம் பெட்டியைத் திருப்பிப் போட்டு, "எவன் வேல இது?" என்று கத்தியது. நான் வாய் திறக்கவில்லை. விரலை மட்டும் உன் பெயரின் மேல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நீ ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வந்தாய். ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கி விட்டிருந்த ஒயரைப் பார்த்தாய். அப்படி ஒரு வேலையை நீ செய்யவே மாட்டாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். "என் பேரு போட்ட பொட்டி. நான்தான்" என்றாய்.

"உன்ன நல்லவன்னு நெனச்சனே நைனா" என்றாள் அந்த அக்கா. அவள் திட்டியிருந்தாலாவது தேவலை.

வீட்டுக்குப் போகும் வழியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "டேப்பு கூட சுத்தாம வுட்டுக்கிறியே, கால்ல ஷாக் அட்ச்சிருந்தா இன்னா ஆயிருப்ப?"

அதற்குப் பிறகு நீ எந்த விளையாட்டும் செய்யவில்லை. தெரு உனக்கு 'டுபாக்கூர் பொட்டி' என்று பெயர் வைத்தது. நானும் நாலு பேர் நடுவில் அப்படியே கூப்பிட்டுச் சிரித்தேன், மாமு. நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் சாவுக்கு வந்தவர்களும் அந்தப் பெயரை வைத்துத்தான் உன்னை அடையாளம் சொன்னார்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்றுதான் பேத்தியிடம் முழுக்கச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க விளையாட்டுல பின்னாடி யார் பேரு இருக்கும்?" என்று கேட்டேன். போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "யார் பேரும் இருக்காது தாத்தா. கம்பெனி பேருதான்."

நீ பெட்டியைப் பிரித்துப்போட்ட அன்று பின்பலகையை நான் எடுத்து வந்தேன். ஆசையால் இல்லை, ஓட்டையைப் பார்த்து யாராவது என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தால். இத்தனை வருஷமாக அது என் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது. இன்று காலை சின்ன டப்பாவில் வெள்ளை பெயிண்ட் வாங்கி வந்தேன். உன் பெயரை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. காய்ந்ததும் பலகையைத் தெருவாசலில் மாட்டப்போகிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும், சொல்கிறேன்.