இரண்டு ஆனந்தமேரிகள்

ஜனவரி 30, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் கறி வாங்கினேன். அது அடுப்பில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கியது. கட்சியின் பேரூர் செயலாளர் பொம்மையன் தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தத் தடவ ஒனக்குத்தான்த்தா." பட்டியலில் இருப்பது அவர் மருமகள் தேவதர்ஷினி. ஓட்டு மட்டும்தான் இங்கே, குடியிருப்பது திண்டுக்கல்லில். எங்கள் தெருவுக்கு எத்தனை நாளைக்கொருமுறை தண்ணீர் வருகிறதென்று அவளுக்குத் தெரியுமா?

பதினேழு வருஷம் கொடி பிடித்தவள் நான். கறி அடிப்பிடித்துவிட்டது.

"விடு மேரி," என்றார் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து. "அவரு பஸ்ஸுலதான நம்ம பொழப்பே ஓடுது." வேடசந்தூர் மில்லுக்கு ஆள் ஏற்றிப்போகும் பொம்மையனின் பஸ்ஸை ஓட்டுவது இவர்தான். வாஸ்தவம். ஆனாலும் விட மனசு வரவில்லை.

பிப்ரவரி 2

நேரிலேயே போய்க் கேட்டேன். "நீ தெருவுல எறங்குனா கூட்டம் வரும்த்தா, யாரு இல்லேன்னா? ஆனா கவுன்சிலர்னு போயி உக்கார மொகத்துல ஒரு களை வேணும்ல?" என்கிறார் பொம்மையன்.

களையாம்! இவர்களுக்காக வெயிலில் அலைந்து கருத்த முகம் இது.

பிப்ரவரி 4

மனு கொடுத்துவிட்டேன். சுயேச்சை.

பிப்ரவரி 5

மனு ஏற்கப்பட்டது. சாயங்காலம் இவர் நடந்து வீடு வந்தார். பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்களாம்.

"இப்பச் சந்தோசமா?"

"இல்ல. ஆனா வாபஸ் வாங்க மாட்டேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் செய்வது தப்பா? தப்பாகவே இருக்கட்டும். சாவியப் புடுங்குனா நான் அடங்கிருவேன்னு நெனச்சாரு பாரு — அதுக்காகவே நிக்கணும்.

பிப்ரவரி 7

வாபஸுக்குக் கடைசி நாள். பொம்மையன் போன் செய்துகொண்டே இருந்தார். எடுக்கவில்லை. மாலையில் இறுதிப் பட்டியலைப் பார்த்தால் என் பெயருக்குக் கீழே இன்னொரு ஆனந்தமேரி! அவளும் சுயேச்சை. என் ஓட்டைக் குழப்பத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பூட்டு சாவி சின்னத்தை இரண்டு பேரும் கேட்டிருந்தோம். குலுக்கலில் அது அவளுக்குப் போய்விட்டது. எனக்கு இஸ்திரிப் பெட்டி.

நல்லதாப் போச்சு. சுருக்கம் எடுக்கத்தானே வந்திருக்கேன்.

பிப்ரவரி 9

அவளைக் கண்டுபிடித்தேன். பொம்மையன் தோட்டத்தில் பூப்பறிக்கிறவள். புருஷன் இல்லை. குடியிருப்பதும் பொம்மையனின் லைன் வீட்டில். சண்டை போடத்தான் போனேன். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"கையெழுத்துப் போடு, இல்லேன்னா வீட்டக் காலி பண்ணுன்னாருக்கா. நான் என்ன செய்ய?"

"அழாத. ஒங்கிட்ட எனக்கு ஒரு பகையும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13

நோட்டீஸ் கட்டை இவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இப்ப நான் எவனுக்கும் டிரைவர் இல்ல. வா, போவோம்." அந்தச் சண்டைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இதுதான். நாளெல்லாம் நடந்தும் வெயில் தெரியவில்லை.

பிப்ரவரி 17

பிரசாரம் முடிகிற நாள். தண்ணீர்த் தொட்டி பக்கம் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள், இன்னொரு ஆனந்தமேரி. மைக்கைக் கேட்டாள்.

"பூட்டு சாவி ஆனந்தமேரி நான்தான். எனக்குப் போடாதீங்க. அக்காவக் கவுக்கத்தான் என்னைய நிப்பாட்டிருக்காங்க. இஸ்திரிப் பெட்டிக்குப் போடுங்க."

கைதட்டல், விசில். எதிரே காரில் இருந்த பொம்மையன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா நேத்து வரைக்கும் இருந்த மாதிரி இல்ல."

பிப்ரவரி 18

அவள் சாமான்களைத் தெருவில் எறிந்துவிட்டார்கள். இவரே தள்ளுவண்டி கொண்டுபோய் எல்லாவற்றையும் நம் வீட்டுக்கு ஏற்றி வந்தார். எறியட்டும். எங்கள் வீட்டில் இடமிருக்கிறது.

பிப்ரவரி 19

ஓட்டுப் போட்டோம். இரண்டு ஆனந்தமேரியும் ஒரே வரிசையில்.

பிப்ரவரி 22

ஜெயித்துவிட்டேன்! ஒன்பது ஓட்டில். பூட்டு சாவிக்கு நாலு விழுந்திருக்கிறது. "நான் எனக்கே போடலக்கா, எவன் போட்டான்?" என்று அவள் திட்டித் தீர்க்கிறாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் ஏனோ அழுதேன்.

மார்ச் 3

நாளை பேரூராட்சித் தலைவர் தேர்தல்; கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போடுவோம். கவுன்சிலர்கள் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. நடுவில் நான் ஒருத்தி.

பொழுது சாய, பழத்தட்டோடு பொம்மையன் வந்தார்.

"பழச மனசுல வச்சுக்காதத்தா. முத்துவ நாளைக்கே வந்து பஸ்ஸ எடுக்கச் சொல்லு."

"நான் லாரிக்குச் சேந்துட்டேன்" என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல் நாளிதழைப் புரட்டிக்கொண்டே.

அடுப்படியில் இருந்தவளை வெளியே கூப்பிட்டேன். அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். பொம்மையனால் அவளைப் பார்க்க முடியவில்லை. பழத்தட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

படி இறங்கியவர் திரும்பி நின்றார். "யாருக்குத்தா போடப்போற? அதையாவது சொல்லு."

"ரகசிய ஓட்டுண்ணே" என்றேன்.